மருத்துவத்திலும் இட்டுக்கட்டப்பட்ட செய்திகள்!

தேவர்சோலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் இடுப்புப் பையில் ஒரு செல்போன் இருக்கிறது. கூடலூர் பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவரின் கல்லாப்பெட்டி மீதும், மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் உஸ்தாதின் சட்டைப் பையிலும் அதே செல்போன்தான். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் கேட்கப்படுவது அதனிடம்தான். சுகர் இறங்க என்ன வழி? குழந்தைக்கு ஊசி போடலாமா, கூடாதா? கேன்சருக்கு மூலிகை உண்டா? கேட்ட மாத்திரத்தில் பதில் வந்து விழுகிறது. தமிழில் வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து மலையாளத்திலும் வருகிறது. கேட்காதவருக்கும் வாட்ஸ்அப் வழியாக வந்து சேர்கிறது. வந்ததைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள், நன்மை கிடைக்கும் என்று கடைசியில் ஒரு வரியும் இருக்கிறது.

இப்படி வரும் செய்திகளில் நல்லவையும் உண்டு, பொய்யும் உண்டு. இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே அளவில், ஒரே பச்சைத் திரையில்தான் வருகின்றன. பிரித்து அறிவது எப்படி என்பதே நம் முன்னால் உள்ள கேள்வி. இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் உயிர்கள் போயிருக்கின்றன. ஆகவே இதைச் சமுதாயப் பிரச்சினையாகவே நாம் பார்க்க வேண்டும்.

நடந்தவை என்ன?

2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் இளம் தாய் இறந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் யூடியூப் வீடியோக்களைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றார்கள். குழந்தை பிறந்தது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. குழந்தை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. அடுத்த சில நாட்களிலேயே, வீட்டுப் பிரசவத்திற்குப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்த ஒருவர் கோவையில் கைது செய்யப்பட்டார். தமிழ்நாடே இதைப் பற்றிப் பேசியது. பிறகு மறந்தது.

2025 ஏப்ரலில் நமக்குப் பக்கத்து மாவட்டமான மலப்புரத்தில் ஒரு சகோதரி வீட்டில் நடந்த பிரசவத்தில் இறந்தார். அது அவருக்கு ஐந்தாவது பிரசவம். கணவர் யூடியூப் சேனல் நடத்தி வந்தவர். அவரைப் போலீஸ் கைது செய்தது. குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் தாயை இழந்த பிள்ளைகளுக்கு எந்தத் தீர்ப்பு தாயைத் திருப்பித் தரும்? நாடுகாணி வழியாகச் சுரம் இறங்கினால் வந்துவிடுகிற மாவட்டம் அது. நமது சம்பந்திகளும் வியாபாரிகளும் உஸ்தாதுகளும் அங்கும் இங்கும் போய் வருகிறார்கள். அங்கே சுற்றும் ஒலிப்பதிவு மறுநாள் இங்கே கேட்கிறது. எனவே இது வேறு ஊர்ச் செய்தி என்று யாரும் சும்மா இருக்க முடியாது.

அதே மலப்புரத்தில் 2016-ல் டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய் அது. ஊசி போடாத பிள்ளைகளை அது பிடித்தது. உயிர்களும் போயின. ஊசி போடாமல் விட்டதற்குக் காரணம் வறுமை மட்டும்தானா? ஊசியைப் பற்றிப் பரப்பப்பட்ட பேச்சுகளுக்கும் அதில் பங்கு உண்டு. 2017-ல் அங்கே எடையூரில் தடுப்பூசி முகாமுக்கு வந்த செவிலியர் தாக்கப்படும் அளவுக்கு அந்தப் பேச்சுகள் முற்றியிருந்தன.

ஒரு வதந்தியின் வேரைத் தேடினால்

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்கு எதிரான தடுப்பூசி முகாம் ஐந்து பகுதிகளில் முதலில் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகியவை அவை. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை எல்லோருக்கும் ஊசி. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகள் இலக்கு. முகாம் தொடங்கிய வேகத்திலேயே வாட்ஸ்அப் வதந்திகளும் கிளம்பின. பெற்றோர்கள் பயந்தார்கள். பள்ளிகளில் பலர் சம்மதம் தரவில்லை. பிப்ரவரிக்குள் முடிய வேண்டிய முகாமை மார்ச் மாதத்திற்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

இந்த ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் என்பது சுற்றிய கதைகளில் ஒன்று. இதை நமக்கு அனுப்பியவர் யார்? உறவினர். அவருக்கு? ஒரு குரூப். அந்த குரூப்புக்கு? ஒரு வீடியோ. அந்த வீடியோவுக்கு? ஓர் ஆங்கிலச் செய்தி. இப்படிப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் சங்கிலி எங்கே போய் முடிகிறது தெரியுமா? லண்டனில், 1998 பிப்ரவரியில், லான்செட் என்ற மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவரும் மற்றவர்களும் வெளியிட்ட ஒரு கட்டுரையில் போய் முடிகிறது.

அந்தக் கட்டுரை எத்தனை பிள்ளைகளை வைத்து எழுதப்பட்டது? 12 பிள்ளைகள். தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்கத் தயாரான வழக்கறிஞர் தரப்பிடமிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்திருந்தது என்பதை 2004-ல் பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் வெளிக்கொண்டு வந்தார். உடன் எழுதியவர்களில் பெரும்பாலோர் அந்த முடிவிலிருந்து விலகிக்கொண்டார்கள். 2010 பிப்ரவரியில் லான்செட் அந்தக் கட்டுரையையே திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் அவருடைய பெயர் பிரிட்டிஷ் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. 2019-ல் டென்மார்க் நாட்டில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வில், ஊசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பு இல்லை என்று மீண்டும் தெளிவானது.

அதாவது, பிறந்த இடத்திலேயே 2010-ல் செத்துப்போன செய்தி, 2017-ல் தமிழ்நாட்டில் உயிரோடு நடமாடியது. இன்றும் நடமாடுகிறது. ஏன்? நம்மில் எவரும் சங்கிலியைப் பின்தொடர்ந்து போகவில்லை. அனுப்பியவர் நல்லவர் என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

கத்தரிக்காய் ஹதீஸ்

சங்கிலியைப் பின்தொடர்வது நமக்குப் புதிய வித்தையா? உலகத்திற்கே அதைக் கலையாக வளர்த்துக் கொடுத்த சமுதாயம் நாம். ஒரு செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரில் வந்தால், நல்ல கருத்துதானே என்று முஹத்திஸ்கள் எடுத்துக்கொள்ளவில்லை. உனக்கு யார் சொன்னார்? அவருக்கு யார் சொன்னார்? இருவரும் சந்தித்தார்களா? அவர் பொய்யரா? முதுமையில் நினைவு தடுமாறியவரா? தன் கட்சியை வளர்க்கச் சொன்னாரா? இவ்வளவும் கேட்டு, ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களின் வரலாற்றைத் தனி நூல்களாக எழுதி வைத்தார்கள். கேட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதே ஒருவன் பொய்யன் என்பதற்குப் போதும் என்ற எச்சரிக்கை முஸ்லிம் நூலின் முன்னுரையிலேயே இருக்கிறது.

மருத்துவத்தின் பெயரில் இட்டுக்கட்டுவதும் இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. கத்தரிக்காய் எல்லா நோய்க்கும் மருந்து என்று ஒரு செய்தியை நபியின் பெயரால் யாரோ கட்டிவிட்டார்கள். ஹிஜ்ரி 751-ல் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் அதைப் பொய்ச் செய்திகளுக்கு உதாரணமாகவே எடுத்துக்காட்டுகிறார். ஒரு சாதாரண வைத்தியன் இப்படிச் சொன்னாலே ஜனங்கள் சிரிப்பார்களே, இதையா நபியின் பெயரில் ஏற்றுகிறீர்கள் என்பது அவருடைய வாதம். இன்றைய வாட்ஸ்அப் வைத்தியங்களில் எத்தனை கத்தரிக்காய்கள் இருக்கின்றன என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

இன்னொரு சம்பவமும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்பட்டுக் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று கேட்டபோது, தண்ணீர் இருக்கிறதே, கூடாது என்று உடன் இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்தார். செய்தி அறிந்த நபியவர்கள் (ஸல்), அவரைக் கொன்றுவிட்டார்களே என்று கடிந்து, தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்றார்கள். இதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடம் பேச்சு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். வேறு வழியாக வரும் அறிவிப்பும் இருப்பதால் இதை ஏற்றவர்கள் உண்டு. இப்படிச் சொல்ல வேண்டியதைச் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. வாட்ஸ்அப்பில் வரும் எந்த வைத்தியச் செய்தியாவது தன் பலவீனத்தைத் தானே சொல்கிறதா?

மருத்துவ உலகம் கேட்கும் அதே கேள்விகள்

இணையம் வீடுகளுக்குள் நுழையத் தொடங்கிய காலத்திலேயே மருத்துவ உலகம் இந்த ஆபத்தைக் கண்டுகொண்டது. 1997-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அதன் ஆசிரியர் ஜார்ஜ் லுண்ட்பெர்க் உள்ளிட்ட மூவர் எழுதிய கட்டுரையில், இணையத்தில் வரும் எந்த மருத்துவச் செய்தியிலும் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்று கூறினார்கள். மதரஸாவில் ஓதியவருக்கு அவை நான்கும் அந்நியமாகத் தோன்றாது.

முதல் கேள்வி: சொன்னவர் யார்? பெயர் என்ன, படித்தது என்ன, எங்கே வேலை செய்கிறார்? ஒரு பெரிய டாக்டர் சொன்னார் என்றால் போதாது. அறிவிப்பாளர் பெயரே இல்லாத செய்தியை நாம் ஹதீஸில் ஏற்பதில்லை. உடம்பு விஷயத்தில் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

இரண்டாவது: எங்கிருந்து எடுத்தார்? எந்த ஆய்வு, எந்த நூல், எந்த அரசுத் துறை? ஆய்வில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது என்று மட்டும் இருந்தால் அது அறுந்த சங்கிலி. ஆய்வின் பெயர் இருந்தால் அதில் எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள் என்று பாருங்கள். 12 பேருக்கும் ஆறரை லட்சம் பேருக்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் புரியும்.

மூன்றாவது: இதனால் யாருக்கு லாபம்? செய்தியின் கடைசியில் ஒரு செல் நம்பரும் ஒரு பாட்டிலின் படமும் இருந்தால் அது விளம்பரம். வீடியோவைப் பார்க்கப் பார்க்கப் பணம் வருகிறதென்றால் பயமுறுத்துவதே அவருக்குத் தொழில். வேக்ஃபீல்டு விவகாரத்தில் மறைக்கப்பட்டது இந்த மூன்றாவது கேள்விக்கான பதில்தான்.

நான்காவது: எப்போது சொன்னது? மருத்துவத்தில் நேற்றுச் சரி என்று இருந்தது இன்று மாறியிருக்கலாம். முந்திய சட்டம் எது, பின்னால் வந்து அதை மாற்றிய சட்டம் எது என்று நாம் படிக்கவில்லையா? தேதி இல்லாத மருத்துவச் செய்தி, முந்தியதா பிந்தியதா என்று தெரியாத சட்டத்தைப் போன்றது.

இதன் பின்னர் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் டிஸ்கேர்ன் என்ற பெயரில் 16 கேள்விகள் கொண்ட அளவுகோல் தயாரிக்கப்பட்டது. நோயாளிகளே பயன்படுத்தக்கூடியது அது. அதிலிருந்து ஐந்தாவதாக ஒன்றை நாம் எடுத்துக்கொள்ளலாம்: இரண்டு பக்கமும் சொல்கிறதா? இந்தச் சிகிச்சையால் என்ன நன்மை, என்ன கெடுதி, செய்யாமல் விட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா? நூற்றுக்கு நூறு குணம், பக்க விளைவே கிடையாது என்று சொல்பவன் மருந்தைப் பற்றிப் பேசவில்லை, வியாபாரம் பேசுகிறான்.

நல்ல இணையப் பக்கங்களுக்கு யாராவது முத்திரை குத்திக் கொடுத்தால் நமக்கு வேலை மிச்சமே என்று தோன்றலாம். அதுவும் நடந்தது. ஜெனீவாவில் இருந்த ஹெல்த் ஆன் தி நெட் என்ற நிறுவனம் 1996 முதல் அப்படி விதிகள் வகுத்துச் சான்று கொடுத்து வந்தது. 2022 இறுதியில் அது தன் பணியை நிறுத்திக்கொண்டது. முத்திரை போனாலும் கேள்விகள் இருக்கின்றன. அவற்றை நாமே கேட்க வேண்டும்.

இப்போது செல்போனிடம் வாயால் கேட்டால் அதுவே உட்கார்ந்து பதில் எழுதித் தருகிறது. இயந்திரம் அழகான தமிழில் எழுதுகிறது என்பதற்காக அது டாக்டர் ஆகிவிடாது. இதை எங்கிருந்து எடுத்தாய் என்று அதனிடமும் கேளுங்கள். அது காட்டும் இடத்திற்குப் போய்ப் பாருங்கள். காட்ட முடியவில்லை என்றால் பெயரில்லாத அறிவிப்பாளரின் நிலைதான் அதற்கும்.

கருஞ்சீரகத்தின் பெயரால்

மற்றவர்களைப் பற்றிப் பேசுவது எளிது. நமது வீட்டையும் பார்க்க வேண்டும்.

பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்களை எதிர்த்து இந்திய மருத்துவச் சங்கம் 2022-ல் உச்சநீதிமன்றம் சென்றது. நோய் தீரும் என்று தவறாக விளம்பரம் செய்யக்கூடாது என்று நீதிமன்றம் எச்சரித்தும் விளம்பரம் நிற்கவில்லை. 2024-ல் பாபா ராம்தேவும் நிறுவனமும் பத்திரிகைகளில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. இதை நம்மவர்கள் ஆர்வத்தோடு பகிர்ந்துகொண்டார்கள். நல்லது. ஆனால் நபிவழி மருத்துவம் என்று லேபிள் ஒட்டிய கருஞ்சீரக எண்ணெய் பாட்டிலைக் காட்டி, சுகர் மாத்திரையைத் தூக்கி எறியுங்கள் என்று ஒருவர் பேசும்போது அதையும் அதே ஆர்வத்தோடு பகிர்ந்தால் நியாயம் எங்கே?

கருஞ்சீரகத்தைப் பற்றிய நபிமொழி புகாரியில் இருக்கிறது. அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இன்சுலினை நிறுத்து என்று அதில் இல்லை. இந்தக் கம்பெனியின் எண்ணெயை இந்த விலைக்கு வாங்கு என்றும் இல்லை. அந்த நபிமொழி எல்லா நோய்க்கும் எல்லா நிலையிலும் என்ற பொருளில் வந்ததா, குறிப்பிட்ட சில நோய்களைக் கருதி வந்ததா என்பதை ஹதீஸ் விரிவுரையாளர்களே விவாதித்திருக்கிறார்கள். இமாம் கத்தாபீ அதைக் குறிப்பிட்ட நோய்களுக்கு உரியதாகவே விளங்கினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலிமுக்கு இருந்த நிதானம், இன்று பாட்டில் விற்பவருக்கு இல்லை. இன்சுலினை நம்பி வாழும் ஒரு பிள்ளைக்கு அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரும். அப்போது பழி பாட்டில் விற்றவர் மீது மட்டும் விழாது. நபியின் பெயர் மீதும் விழும். அதற்கு யார் பொறுப்பு?

மருத்துவம் தெரியாதவன் மருத்துவம் பார்த்துக் கெடுதி விளைந்தால் அவனே ஈடு செய்ய வேண்டும் என்பது நமது ஃபிக்ஹு நூல்களில் உள்ள சட்டம். நாட்டின் சட்டமும் இதில் பின்தங்கவில்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் சட்டம் நீரிழிவு, புற்றுநோய் உள்பட பட்டியலிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைக் குற்றம் என்கிறது. அந்தச் சட்டம் எந்த மதத்தவரின் பாட்டிலுக்கும் விலக்குத் தரவில்லை.

சந்தேகப்படுவது தவறா?

அரசாங்கம் போடும் ஊசியை அப்படியே நம்பச் சொல்கிறீர்களா என்று சில சகோதரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏழைகளை ஏமாற்றிய வரலாறு இந்த நாட்டில் உண்டு. 2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் ஆதிவாசிச் சிறுமிகள் உட்பட ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஒரு ஆய்வின் பெயரில் போடப்பட்டது. பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்ட அவலம் வெளியே வந்தது. 2010-ல் அது நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு அந்த ஆய்வை நடத்தியவர்களைக் கடுமையாகக் கண்டித்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? ஊசியே சதி என்பதா? அந்த அநியாயம் எப்படி வெளியே வந்தது என்று பாருங்கள். பெயரோடு, தேதியோடு, கையெழுத்திட்ட படிவங்களோடு கேள்வி கேட்டவர்களால் வந்தது. நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையாக வந்தது. வாட்ஸ்அப் ஒலிப்பதிவால் வரவில்லை. சந்தேகம் நல்லது. அது கேள்வியாக மாற வேண்டும். வதந்தியாக மாறினால் நமது பிள்ளைகளே பலியாவார்கள்.

டாக்டர்களும் கமிஷனுக்காக எழுதுகிறார்களே என்பார்கள். எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் அதே ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஸ்கேன் எதற்கு? இந்த ஆபரேஷனுக்கு மாற்று உண்டா? வேறொரு டாக்டரிடம் காட்டலாமா? 2018-ல் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகளின் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. தன் நோயைப் பற்றி விவரம் பெறும் உரிமையும், இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெறும் உரிமையும் அதில் அடக்கம். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்காமல் வந்துவிட்டு இரவில் யூடியூபில் தேடுவதுதான் ஆபத்து.

வதந்தியின் வலி நமக்குத் தெரியாதா?

2020 மார்ச், ஏப்ரல் மாதங்களை மறந்துவிட்டீர்களா? கொரோனாவை முஸ்லிம்கள்தான் பரப்புகிறார்கள் என்றார்கள். பழைய வீடியோக்களை எடுத்து, உணவில் எச்சில் துப்புகிறார்கள் என்று பரப்பினார்கள். காய்கறி விற்ற நமது ஏழைகளைத் தெருவுக்குள் விட மறுத்தார்கள். தப்லீக் ஜமாஅத்தினர் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளையே சொல்லி, வழக்குகளை ரத்து செய்தது.

அன்றைக்கு நாம் என்ன கேட்டோம்? ஆதாரம் எங்கே, வீடியோ எந்த ஊர், எந்தத் தேதி என்று கேட்டோம். நம்மைப் பற்றி வந்தபோது கேட்ட அந்தக் கேள்விகளை, நாம் அனுப்பும்போதும் கேட்க வேண்டாமா? நமக்கு வலித்தால் பொய், பிறர் பிள்ளைக்கு வலித்தால் தகவலா?

நம் மலையிலேயே உள்ள பாடம்

நல்ல செய்தி எப்படி மக்களிடம் சேர்கிறது என்பதற்கு வெளியே தேட வேண்டாம். இந்தக் கூடலூர்ப் பள்ளத்தாக்கிலேயே உதாரணம் உண்டு. நீலகிரி ஆதிவாசி மக்களிடம் அரிவாள் செல் ரத்த நோய் இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதே இங்கேதான். அந்த நோயில் ரத்த அணு அரிவாள் போல வளைந்து, சிறு குழாய்களில் அடைத்துக்கொண்டு கடும் வலியைக் கொடுக்கிறது. ரத்தசோகையா, இரும்புச்சத்து டானிக் குடியுங்கள் என்று ஒரு செய்தி வருகிறது. இரும்புச்சத்துக் குறைந்தவருக்கு அது சரியான செய்தி. அரிவாள் செல் நோயாளிக்கு அது விடை ஆகாது. சரியான தகவலும் தவறான ஆளிடம் போய்ச் சேர்ந்தால் தவறாகிவிடுகிறது. ரத்தப் பரிசோதனை செய்யாமல் செல்போன் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

1990 முதல் கூடலூரில் இயங்கும் ஆதிவாசி மருத்துவமனை என்ன செய்தது? பணியர், குறும்பர் முதலிய மக்களிலிருந்தே பெண்களைத் தேர்ந்தெடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி கொடுத்தது. அவர்கள் தங்கள் சொந்தப் பாஷையில், வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். சொல்பவர் யார் என்று கேட்பவருக்குத் தெரியும். தவறானால் மறுநாள் அவரிடமே கேட்க முடியும். நம்பிக்கை அப்படித்தான் வளர்ந்தது. கேட்டால் பதில் சொல்ல வேண்டிய ஓர் ஆள் எதிரே நிற்பதுதான் அந்தச் செய்தியின் தரம். நமது மஹல்லாக்களில் இதை ஏன் செய்யக்கூடாது?

ஜமாஅத்துகளுக்கு

இதற்குப் பெரிய பணம் வேண்டாம். மனம் இருந்தால் போதும்.

1. ஜமாஅத் பெயரில் உள்ள வாட்ஸ்அப் குரூப்புகளில், சொன்னவர் பெயரும் எடுத்த இடமும் தேதியும் இல்லாத மருத்துவச் செய்திகளைப் போடக்கூடாது என்று நிர்வாகிகள் முடிவு செய்ய வேண்டும். தவறிப் போட்டவர் அதை நீக்குவதோடு, தவறு என்று அதே குரூப்பில் சொல்ல வேண்டும்.

2. மிம்பரில் நிற்பவர் மருந்து சொல்லக்கூடாது. மருத்துவம் செய்யுங்கள் என்று சொல்வது நமது வேலை. எந்த மருந்து என்று சொல்வது மருத்துவர் வேலை. நம்மை மதித்துக் கேட்பவர்களுக்கு, டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்வதில் ஆலிமின் கண்ணியம் குறைந்துவிடாது.

3. மாதம் ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரையோ செவிலியரையோ அழைத்து, தமிழிலும் மலையாளத்திலும் கேள்வி பதில் நடத்தலாம். பெண்களுக்குத் தனியாக நடத்த வேண்டும். வந்த ஃபார்வர்டுகளை அங்கேயே காட்டிக் கேட்கட்டும். எல்லா மதத்தவரும் வரட்டும்.

4. கர்ப்பமான ஒவ்வொரு சகோதரியும் சுகாதார நிலையத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்பதை மஹல்லாப் பெண்கள் கவனிக்க வேண்டும். பிரசவ நேரத்து ரத்தப்போக்கு மிகக் குறைந்த நேரத்தில் உயிரைக் கொண்டு போகும். நமது மலைப்பாதையில் அந்த நேரத்திற்குள் ஆஸ்பத்திரி சேர முடியாது. வீட்டுப் பிரசவத்தைப் புகழ்ந்து பேசுவோருக்கு நமது மேடைகளில் இடம் தரக்கூடாது. அவசரத்திற்கு 108, சந்தேகம் கேட்க 104 என்ற எண்கள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும்.

அரசாங்கத்திற்கு

ஜனங்கள் செல்போன் வைத்தியத்தை நாடுவதற்கு அரசாங்கமும் காரணம். சுகாதார நிலையத்தில் வரிசையில் மணிக்கணக்கில் நின்று, உள்ளே போனால் இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதிக் கையில் கொடுத்தால், என்ன நோய் என்று தெரிந்துகொள்ள அவன் எங்கே போவான்? ஊட்டியில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டதை வரவேற்கிறோம். ஆனால் கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர் மலைப்பாதை. தேவர்சோலை, பாடந்தொரை, தேவாலா, பந்தலூர் மக்கள் இன்னும் பத்தேரிக்கும் கோழிக்கோட்டுக்கும் கோவைக்கும் அலைகிறார்கள். இங்குள்ள அரசு மருத்துவமனைகளில் போதிய சிறப்பு மருத்துவர்கள் வேண்டும். நோயாளிக்குப் புரியும் பாஷையில் அச்சடித்த விவரத்தாள்கள் வேண்டும். தடுப்பூசி முகாம் நடத்தும்போது முந்தைய நாள் சுற்றறிக்கை அனுப்பினால் போதாது. ஒரு மாதத்திற்கு முன்பே வந்து பெற்றோர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாத இடத்தில்தான் வதந்தி குடியேறுகிறது.

சகோதரர்களே! ஒரு பொத்தானை அழுத்தினால் செய்தி போய்விடுகிறது. அது யார் வீட்டில் போய் விழுகிறது, எந்தத் தாய் அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிறாள், எந்தப் பிள்ளையின் மருந்து அதனால் நிறுத்தப்படுகிறது என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. தெரியாது என்பது நாளை மறுமையில் பதிலாகுமா? அடுத்த மருத்துவச் செய்தி உங்கள் செல்போனுக்கு இன்றிரவே வரலாம். சொன்னவர் யார், எங்கிருந்து எடுத்தார், யாருக்கு லாபம், எப்போது சொன்னது, இரண்டு பக்கமும் சொல்கிறதா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தச் செய்தி உங்களோடு நிற்கட்டும்.